பாட உட்கார்ந்தால் ஏன் இந்தப் படபடப்பு?

தோசைக்கு மாவு கரைக்கும்போதும், காய்ந்த துணியை மடிக்கும்போதும் நம் குரல் எவ்வளவு இனிமையாக இருக்கிறது! அடுப்படியில் சங்கதி சங்கதியாக விழும். அதே பெண்ணைக் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து உட்கார வைத்து, "எங்கே, ஒரு பாட்டுப் பாடேன், கேட்போம்" என்று சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. நூறு தடவை பாடிய பாட்டில் இரண்டாவது அடி எது என்பது மறந்து போகிறது. "தொண்டை கட்டியிருக்கு மாமி, இன்னொரு நாள் பாடறேனே" என்று ஒரு தடவையாவது சொல்லித் தப்பிக்காத பெண்கள் நம்மில் எத்தனை பேர்?

காவிரித் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் சங்கீதமும் பாய்ந்தது என்று நம் தஞ்சைச் சீமையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் மன்னார்குடியையே எடுத்துக்கொள்ளுங்களேன். ராஜகோபால சுவாமி கோயிலை வைத்து 'மன்னார்குடி மதிலழகு' என்பது ஊரறிந்த பேச்சு. மதிலழகோடு சங்கீத அழகும் உண்டு. நாகஸ்வரத்துக்குச் சின்ன பக்கிரி, மிருதங்கத்துக்கு ஈஸ்வரன் என்று ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட வித்வான்கள் பிறந்த மண் இது. அப்படிப்பட்ட ஊரிலும், முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்ட பிறகும், பயத்தினாலேயே வாயைத் திறக்காமல் காலத்தை ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் விதுஷி அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். சின்ன வயதில் 7 வருஷம் பாட்டு வகுப்புக்குப் போனேன், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பெண்களைப் பெற்றவள். அந்த இரண்டு பெண்களில் சின்னவள்தான் இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் என்னைத் தூண்டியவள்.

இரண்டு தலைமுறைக் கதை

என் சித்திக்கு இப்போது 68 வயது. வர்ணம், கீர்த்தனை எல்லாம் பாடமாகி, 'நல்ல சாரீரம்' என்று பெயர் வாங்கியவள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னார்கள். அனுபல்லவியில் குரல் உடைந்து விட்டது. வந்தவர்களில் யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தாராம். கல்யாணம் வேறு நல்ல இடத்தில் நடந்தது, பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு சித்தி பாடியதை வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாற்பத்து சொச்சம் வருஷம்! ஒரு சிரிப்பு ஒரு குரலை விழுங்கி விட்டது.

இது அந்தக் காலம் என்று நினைத்தேன். என் சின்னப் பெண்ணுக்கு 12 வயதாக இருக்கும்போது ஒரு பாட்டுப் போட்டிக்குப் போனாள். நடுவில் சாகித்யம் மறந்தது. நடுவராக இருந்தவர் மைக்கிலேயே, "மனப்பாடம் பண்ணாமல் ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்டு விட்டார். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "எனக்கு வேண்டாம்மா. இனிமே நான் பாட மாட்டேன்" என்றாள். ஒரு மாதம் சுருதிப் பெட்டியைத் தொடவே இல்லை.

எனக்குச் சித்தியின் ஞாபகம் வந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. இன்னொரு குரல் இந்த வீட்டில் அணைந்து போக விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

உடம்பு செய்கிற வேலை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படபடப்பு என்பது திறமைக் குறைவு இல்லை, கோழைத்தனமும் இல்லை. அது உடம்பின் காவல் வேலை.

நம் சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போட்டது போல் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அவை அட்ரினலின் என்ற நீரை ரத்தத்தில் விடுகின்றன. ஒன்று எதிர்த்து நில், இல்லாவிட்டால் ஓடிப் போ என்று உடம்பைத் தயார் செய்கிற ஏற்பாடு இது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறார். நெஞ்சு வேகமாக அடிக்கிறது. ரத்தம் கை, கால்களின் பெரிய தசைகளுக்குப் போவதால் விரல் நுனி சில்லிட்டுப் போகிறது. ஜீரண வேலை நின்று வயிறு பிசைகிறது. எச்சில் வற்றுகிறது. மூச்சு மேலோடு மேலாக ஓடுகிறது.

கொல்லையில் பாம்பைக் கண்டால் இதெல்லாம் நல்லதுதான், ஓடித் தப்பிக்கலாம். பாட உட்கார்ந்தவளுக்கு எங்கே ஓட்டம்? மூச்சுக் குட்டையானால் நீளமான சங்கதி பாதியில் அறுகிறது. தொண்டைத் தசை இறுகினால் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறுகிறது. நெஞ்சு ஓடுகிற ஓட்டத்தில் காலப்பிரமாணமும் ஓடுகிறது. பாம்புக்கும் மாமியாருக்கும் வித்தியாசம் தெரியாத உடம்பு இது!

இன்னொரு விஷயமும் உண்டு. வாசலில் கோலம் போடும்போது புள்ளியையும் இழையையும் நாம் யோசித்துப் போடுவதில்லை, கை தானாக ஓடுகிறது. யாராவது பின்னால் நின்று உற்றுப் பார்த்தால் போதும், 'அடுத்த இழை வலமா, இடமா?' என்று புத்தி குறுக்கே வரும், கோலம் கோணும். பாட்டும் அப்படித்தான். பழக்கத்தில் வருவதைப் புத்தி காவல் காக்கப் போனால்தான் மறதி வருகிறது.

பேர் பெற்றவர்களுக்கும் உண்டு

"நமக்குத்தான் இப்படி" என்று நினைக்காதீர்கள். பிடில் இனத்தைச் சேர்ந்த செல்லோ என்ற பெரிய வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற பாப்லோ கசால்ஸ் (1876–1973), வாழ்நாள் முழுவதும் மேடைப் பயம் தன்னை விட்டதில்லை என்று சொன்னவர். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1953-இல் மேடையை விட்டு விலகி, 12 வருஷம் கழித்து 1965-இல்தான் மறுபடி கச்சேரிக்கு வந்தார். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967-இல் நியூயார்க்கில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் பாட்டின் வார்த்தைகளை மறந்தார். அந்தப் பயத்தில் பல வருஷம் பெரிய கச்சேரிகளைத் தவிர்த்து, 1994-இல்தான் மறுபடி ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார். அப்போது எதிரே திரையில் வார்த்தைகள் ஓடும்படி ஏற்பாடு செய்துகொண்டார். கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்றவரே பார்த்துப் பாடும்போது, நாம் மடியில் பாட்டு நோட்டை வைத்துக்கொண்டால் என்ன குறைந்து போகும்?

நம் வீணை தனம்மாளை (1867–1938) எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். பெரிய வித்வான்கள்கூட அந்தச் சின்னக் கூடத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்பார்களாம். அவருக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை. உயர்ந்த சங்கீதத்துக்குப் பெரிய மேடை கட்டாயமில்லை, வீட்டுக் கூடமே போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கச்சேரிக்குள்ளேயே வைத்தியம்

யோசித்துப் பார்த்தால், நம் கச்சேரி முறையிலேயே பயத்துக்கு மருந்து இருக்கிறது.

தனியாக நின்றுகொண்டு பாடுவதில்லை. சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்கிறோம். கால் நடுங்கினாலும் யாருக்கும் தெரியாது. சுருதி ஓடிக்கொண்டே இருப்பதால் மௌனம் பயமுறுத்துவதில்லை. வலது கைக்குத் தாளம் போடுகிற வேலை இருக்கிறது. வேலை இருக்கிற கை நடுங்காது. பக்கத்தில் பிடில், நாம் ஒரு வினாடி தடுமாறினாலும் கை கொடுக்க ஒரு துணை. எல்லாவற்றுக்கும் மேலாக, கீர்த்தனையில் பல்லவி என்ற ஒன்று இருக்கிறதே! சரணத்தில் வழி தவறினால் பல்லவிக்குத் திரும்பி வந்து விடலாம். எங்கே சுற்றினாலும் வந்து சேரத் திண்ணை வைத்த வீடு மாதிரி.

இன்று நாம் கேட்கிற கச்சேரிப் பத்ததியை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை (1890–1967) சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்குவது அந்த வழி. வர்ணம் நித்தியம் சாதகம் செய்கிற உருப்படி, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். அதைப் பாடி முடிப்பதற்குள் தொண்டை சூடேறி விடும், முதல் படபடப்பும் அடங்கி விடும். வீட்டுக் கொலுவில் பாடுகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். புதிதாகக் கற்ற கனமான பாட்டை முதலில் எடுக்கவே கூடாது.

வயல் பக்கம் பாருங்கள். நடவு நடுகிற பெண்கள் பாடும்போது அவர்களுக்கு மேடைப் பயம் உண்டா? கைக்கு வேலை இருக்கிறது, பத்துக் குரல் சேர்ந்து இருக்கிறது, மார்க்குப் போட யாரும் இல்லை. பயம் நுழைய இடமே இல்லை!

கூடமும் கோணல்தான்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று பழமொழி சொல்வார்கள். நம் பெண்கள் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது. ஆண்களுக்குச் சுருதி, தாளம் பற்றி மட்டும்தான் கவலை. பெண்ணுக்கு 'இவள் வெளியில் வந்து பாடலாமா?' என்ற கேள்வியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

டி.கே. பட்டம்மாள் (1919–2009) 1929-இல், 10 வயதில், சென்னை வானொலியில் பாடினார். 1932-இல் ரசிக ரஞ்சனி சபாவில் மேடை ஏறினார். குடும்பப் பெண் சபையில் உட்கார்ந்து பாடுவதா என்று ஊர் முகம் சுளித்த காலம் அது. ராகம், தானம், பல்லவி ஆண்களுக்கே உரியது என்றிருந்ததையும் அவர் மாற்றிக் காட்டினார். இன்று நம் பெண்கள் தைரியமாகப் பல்லவி பாடுகிறார்கள் என்றால், அந்தப் பாதையை முதலில் போட்டவர்களில் அவர் ஒருவர்.

நம் பக்கத்துக் கதை இன்னும் உருக்கமானது. திருவையாற்றில் 1847-இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. மைசூர்ப் பக்கத்தில் 1878-இல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தாம் பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1925-இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை! கோயில் கட்டியவருக்கே பாட இடமில்லை என்றால் எப்படி இருக்கும்? அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் பாடுகிற ஆராதனை வந்தது. 1952-இல் காலமான அந்த அம்மாளுக்குச் சுவாமிகளின் சந்நிதிக்கு அருகிலேயே சமாதி இருக்கிறது.

என் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா அம்மா?" என்று கேட்டாள். "இருந்திருக்கும்டி. பயத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருப்பாங்க" என்றேன்.

திருவையாற்றில் ஒரு காலை

2025-ஆம் வருஷம் பொங்கல் கழித்து, புஷ்ய பகுள பஞ்சமி அன்று விடியற்காலை பஸ் பிடித்தோம். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், அங்கிருந்து திருவையாறு. வழியெல்லாம் சம்பாக் கதிர் முற்றி மஞ்சளாய்ச் சாய்ந்திருந்தது. சின்னவள் பஸ்ஸில் வாய் திறக்கவில்லை.

காவிரிக் கரைப் பந்தலில் சந்நிதிக்கு முன்னால் வித்வான்களும் விதுஷிகளும் எதிரும் புதிருமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி நம்மைப் போன்ற ஜனங்கள், மடியில் புத்தகத்தோடு. புல்லாங்குழல் வாசித்து முடிந்ததும் பஞ்சரத்தினம் தொடங்கியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், ஐந்துக்கும் ஆதி தாளம். என் பெண்ணுக்கு நாட்டையும் ஸ்ரீயும்தான் பாடம்.

நாட்டையில் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், சுருதி சேராத கட்டைக் குரலில், கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று பாடினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கௌளையும் ஆரபியும் வராளியும் போயின. என் பெண்ணின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ரீ ராகத்தில் 'எந்தரோ மகானுபாவுலு' வந்தபோது அவள் குரல் எனக்குக் கேட்டது. பல மாதம் கழித்துக் கேட்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்தி விடுவாளோ என்று சந்நிதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே பயம் போய் விட்டது என்று எழுதினால் அது கதை. போகவில்லை. ஆனால் கூட்டத்தோடு பாடலாம் என்று தெரிந்துகொண்டாள். அடுத்த நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலு முன்னால் ஒரே ஒரு பாட்டு, நோட்டைப் பார்த்துத் தனியாகப் பாடினாள். முடிவில் எல்லோரும் சேர்ந்து மங்களம் பாடினோம். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்தியும் மெல்லிய குரலில் சேர்ந்துகொண்டாள். நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுண்டல் கொடுக்கப் போய் விட்டோம்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

வீட்டில் நாங்கள் கடைப்பிடித்துப் பலன் கண்டவற்றையும், படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன்.

*எங்கிருந்தும் தொடங்கப் பழகுங்கள்.* பாட்டை எப்போதும் முதலிலிருந்தே பாடினால், நடுவில் அறுந்தால் பிடிக்க முடியாது. "சரணம் மூன்றாவது அடியிலிருந்து பாடு" என்று யாரையாவது சொல்லச் சொல்லிப் பழகுங்கள். மறந்தால் பல்லவிக்குத் திரும்புவதையும் ஒரு பாடமாகவே பயிற்சி செய்யுங்கள்.

*மூச்சுக்கு ஆதி தாளம்.* லகுவின் 4 எண்ணிக்கையில் மூச்சை உள்ளே இழுங்கள். பிறகு ஒரு முழு ஆவர்த்தனம், அதாவது 8 எண்ணிக்கைக்கு மெல்ல வெளியே விடுங்கள். 5 தடவை போதும். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது நெஞ்சின் ஓட்டம் தணியும். தலை சுற்றினால் நிறுத்தி விட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

*படபடப்போடு பாடிப் பழகுங்கள்.* மாடிப் படியில் இரண்டு தடவை வேகமாக ஏறி இறங்கி விட்டு, நெஞ்சு அடிக்கும்போதே வர்ணத்தைத் தொடங்குங்கள். 'இப்படி அடித்தாலும் பாட முடியும்' என்று உடம்புக்கே தெரிய வேண்டும். இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்ய வேண்டாம்.

*கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.* முதலில் சுவாமி படத்துக்கு முன்னால். பிறகு வீட்டில் இரண்டு பேர். பிறகு பக்கத்து வீட்டாரோடு ஐந்து பேர். செல்போனில் பதிவு செய்துகொண்டு பாடுவதும் நல்ல பயிற்சி. சிவப்புப் புள்ளி எரிந்தால் அதுவும் ஒரு ரசிகர்தான்!

*சுருதியில் வீம்பு வேண்டாம்.* படபடப்பில் தொண்டை இறுகும். எட்டாத மேல் ஸ்தாயி உள்ள பாட்டை அன்றைக்குத் தள்ளி வையுங்கள். சிரமமில்லாத கட்டையில் பாடுங்கள்.

*வயிறு.* பாடுவதற்கு 2 மணி நேரம் முன்னால் இட்லி போல லேசான ஆகாரம். அன்றைக்குக் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், காபியும் நெஞ்சை ஓட்டும், கையை நடுங்க வைக்கும். பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். நாக்கு உலர்ந்தால் ஒரு சிறு கல்கண்டை முன்கூட்டியே சுவைத்து விழுங்கி விடலாம்.

*சொல்லை மாற்றுங்கள்.* ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் என்ற பெண்மணி 2014-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். பாடப் போகிறவர்களில் சிலரை 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றும், சிலரை 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றும் சொல்ல வைத்துப் பாடச் சொன்னார். உற்சாகம் என்று சொன்னவர்களே நன்றாகப் பாடினார்கள். நெஞ்சு இரண்டு பேருக்கும் அடிக்கத்தான் செய்தது! தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி குழந்தைக்கு அடிக்கிற நெஞ்சுதானே அது? பெயரை மாற்றி வைத்தால் போகிற வழியும் மாறுகிறது.

மாத்திரை போடலாமா?

நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளை வாத்தியக்காரர்கள் போட்டுக்கொள்வது உண்டு. 1977-லேயே லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில், தந்தி வாத்தியக்காரர்களுக்கு இந்த வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. ஆனால் சகோதரிகளே, இது ஓமம், சுக்கு மாதிரி கை வைத்தியம் அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், நாடித் துடிப்புக் குறைவாக உள்ளவர்களுக்கும் இது ஆபத்து. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள், கடையில் கேட்டு வாங்கினேன் என்று போடவே கூடாது. டாக்டர் பார்த்துச் சொன்னால்தான்.

பாட்டு மட்டுமில்லாமல், நாலு பேரோடு பேசவும், பள்ளிக்கூடம் போகவும், சாப்பிடவும்கூட முடியாத அளவுக்கு ஒரு குழந்தை பயந்தால், அதைக் 'கூச்ச சுபாவம்' என்று விட்டு விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தாய்மார்களுக்கு நாலு வார்த்தை

வந்தவர்கள் முன்னால் திடீரென்று "பாடும்மா" என்று உத்தரவு போடாதீர்கள். உள்ளே அழைத்து, "பாடறியா?" என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டு விடுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து வாயசைத்துச் சாகித்யம் எடுத்துக் கொடுப்பது வேண்டாம். அம்மா எங்கே உட்கார வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே தப்பு எண்ண ஆரம்பிக்காதீர்கள். முதல் கேள்வி, "பசிக்குதா?" என்றே இருக்கட்டும். திருத்தங்கள் மறுநாள் சாதகத்தில். 'எதிர் வீட்டுப் பெண் எப்படிப் பாடினாள், பார்த்தாயா?' என்ற பேச்சு எந்நாளும் வேண்டாம்.

"பயப்படாதே" என்று சொல்வதாலும் பிரயோசனம் இல்லை. பயப்படுகிற குழந்தைக்கு, பயப்படுவதும் ஒரு தப்பு என்று தோன்றி விடும். "பயமா இருக்கா? இருக்கத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ பாடு" என்று சொல்லிப் பாருங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மார்களே, உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. தொட்டிலில் இருக்கிற ரசிகருக்குச் சுருதி, தாளம் எதுவும் தெரியாது. உங்கள் குரல் ஒன்றுதான் தெரியும். தினமும் ராத்திரி தயங்காமல் பாடுங்கள். அம்மா பாடிக் கேட்டு வளர்கிற குழந்தைக்கு, பாட்டு என்பது பரீட்சை இல்லை, தூக்கம் போல, சோறு போல, வீட்டில் இருக்கிற ஒன்று என்று மனதில் பதியும். பிற்பாடு அது எந்த மேடையில் உட்கார்ந்தாலும், அந்த நினைவு கூடவே உட்காரும்.